குமரி மாவட்டத்து எம்.எல்.ஏ. ஒருவரின் தேர்தல் வரலாற்றைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

கேள்வி இது: "எங்கள் ஊர் நூலகத்துக்காகக் குமரி மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி ஒரு தொகுப்பு செய்கிறோம். ஒவ்வொருவரும் எந்த ஆண்டு, எந்தத் தொகுதியில், எந்தக் கட்சியில், எத்தனை வாக்கில் வென்றார் என்று அட்டவணை போட ஆரம்பித்தோம். ஒரு இடத்தில் இருப்பது இன்னொரு இடத்தில் ஒத்துவரவில்லை. எங்கே தப்பு வருகிறது, எப்படிச் சரிபார்ப்பது?"

அட்டவணையில் நீங்கள் போட்டிருக்கும் கட்டங்கள் எல்லாம் வென்றவரைப் பற்றியவை. பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. குமரி மாவட்டத்தில் ஒருவர் ஏன் வென்றார் என்பதற்கு விடை, அவருக்கு எதிரே யார் யார் தனித்தனியாக நின்றார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள், அவர்களின் கட்சி, அந்தத் தேர்தலின் கூட்டணி ஆகிய மூன்றுக்கும் இப்போதே இடம் ஒதுக்கிவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் திரும்ப முதலிலிருந்து வேலை செய்ய வேண்டிவரும்.

பத்மநாபபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு சட்டமன்றத்துக்குள் பா.ஜ.க.வின் முதல் உறுப்பினராக 1996-இல் நுழைந்தவர் சி. வேலாயுதம். அவர் பெற்றது 27,443 வாக்குகள். தி.மு.க.வின் பால ஜனாதிபதி 22,903 வாக்குகள் பெற்றார். வித்தியாசம் 4,540. மாநிலம் முழுக்க தி.மு.க.-த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) அலை அடித்த ஆண்டு அது. தி.மு.க. மட்டும் 173 இடங்களில் வென்றது, அ.தி.மு.க. நான்கே இடங்களோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட ஆண்டில், எந்தப் பெரிய கூட்டணியும் இல்லாத ஒரு கட்சி ஒரு தொகுதியைப் பிடித்தது எப்படி? அன்றைக்குக் களத்தில் தி.மு.க.-த.மா.கா. அணி, அ.தி.மு.க.-காங்கிரஸ் அணி, ம.தி.மு.க.-மார்க்சிஸ்ட்-ஜனதாதள அணி, பா.ஜ.க. என்று பல முனைகள். 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு இந்தப் பகுதியில் இந்து அமைப்புகள் ஊன்றி வேலை செய்து ஒரு உறுதியான வாக்கு வங்கியை உருவாக்கியிருந்தன. எதிர்ப்பக்கம் பிரிந்ததால் அந்த உறுதியான வாக்கு வங்கி வெற்றியாக மாறியது.

இதே வேலாயுதம் 2001-இல் தி.மு.க. கூட்டணியில் நின்றார். பலம் கூடியிருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அ.தி.மு.க.வின் கே.பி. ராஜேந்திர பிரசாத்திடம் தோற்றார். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க., த.மா.கா., காங்கிரஸ், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், பா.ம.க. எல்லாம் ஒரே பக்கம். 1996-இல் பிரிந்து கிடந்தது 2001-இல் சேர்ந்துவிட்டது. "1996 வெற்றி, 2001 தோல்வி" என்று இரண்டு வரி எழுதிவிட்டு, செல்வாக்கு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் அது அவருக்கும் நியாயம் இல்லை, படிப்பவருக்கும் நியாயம் இல்லை.

அதே 1996-இல் இன்னொரு விஷயம் நடந்தது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. மார்க்சிஸ்ட் கட்சிக்கு அந்த முறை தமிழ்நாட்டில் கிடைத்தது ஒரே ஒரு இடம். அது விளவங்கோடு, வென்றவர் டி. மணி. பா.ஜ.க.வின் ஒரே இடமும் மார்க்சிஸ்ட் கட்சியின் ஒரே இடமும் ஒரே மாவட்டத்தில். மாநில அலையை வைத்து இந்த மாவட்டத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2016-இலும் அப்படித்தான்: மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தது, குமரியின் ஆறு தொகுதிகளும் தி.மு.க.-காங்கிரஸ் அணிக்குப் போயின, ஆளுக்கு மூன்றாக.

இனி, உங்கள் அட்டவணை ஒத்துவராததற்கான நேரடிக் காரணங்கள்.

முதலாவது, தொகுதி எல்லை. 2008 மறுவரையறைக்கு முன் இங்கே ஏழு சட்டமன்றத் தொகுதிகள்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர். 2011 தேர்தலிலிருந்து ஆறு. திருவட்டார் போய்விட்டது. அதன் ஊர்கள் பக்கத்துத் தொகுதிகளில் சேர்ந்தன. பெயர் மாறாத தொகுதிகளும் உள்ளே மாறியிருக்கின்றன. 2006 விளவங்கோடும் 2011 விளவங்கோடும் ஒரே நிலப்பரப்பு அல்ல. எனவே 2006-க்கும் 2011-க்கும் நடுவே அட்டவணையில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி வாக்கு எண்ணிக்கையை ஒப்பிட வேண்டாம். இப்போது திருவட்டார் என்ற பெயரில் வட்டம் இருக்கிறது, தொகுதி இல்லை. வட்டத்தைத் தொகுதியாக எழுதிவிடும் தவறு அதனால்தான் அடிக்கடி வருகிறது.

மறுவரையறை ஒரு அரசியல்வாதியின் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதற்கு லீமா ரோஸ் ஒரு எடுத்துக்காட்டு. மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் 2006-இல் திருவட்டாரில் வென்றவர். அந்தத் தொகுதியின் கடைசி எம்.எல்.ஏ. அவரே. 2011-இல் நிற்கத் தொகுதியே இல்லை. விளவங்கோட்டில் நின்று காங்கிரசின் விஜயதரணியிடம் தோற்றார். "ஒரு முறை எம்.எல்.ஏ., அடுத்த முறை தோல்வி" என்று மட்டும் எழுதினால் இந்தக் கதை முழுதாக மறைந்துபோகும்.

இரண்டாவது, மக்களவைத் தொகுதியோடு குழப்பம். 2004 தேர்தல் வரை மக்களவைத் தொகுதியின் பெயர் நாகர்கோவில். 2009 தேர்தலிலிருந்து கன்னியாகுமரி. பழைய நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்குள் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி இருக்கவே இல்லை. அது திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. ஆகவே "நாகர்கோவில் எம்.பி.யின் வாக்கில் கன்னியாகுமரித் தொகுதியின் பங்கு" என்று 2004 வரைக்கும் யாராவது கணக்குக் காட்டினால் அது தவறு. 1967-இல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற காமராஜர், நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணியின் மறைவால் 1969-இல் வந்த நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்றார். அது மக்களவைக்கான தேர்தல். அவரைக் குமரி எம்.எல்.ஏ.க்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இந்த மண்ணில் பிறந்தவர்கள் சட்டமன்றத்துக்கு வெளியூர்த் தொகுதியில் போயிருக்கிறார்கள். அகத்தீஸ்வரத்தைச் சேர்ந்த குமரி அனந்தன் 1977-இல் நாகர்கோவிலில் மக்களவைக்கு வென்றார். சட்டமன்றத்துக்கு வென்றது திருவொற்றியூர் போன்ற மாவட்டத்துக்கு வெளியே உள்ள தொகுதிகளில். அவருடைய தம்பி எச். வசந்தகுமார் 2006, 2016 இரண்டிலும் நாங்குநேரி எம்.எல்.ஏ., 2019-இல் கன்னியாகுமரி எம்.பி. "குமரி மாவட்டத் தொகுதிகளின் உறுப்பினர்கள்", "குமரி மாவட்டத்தைச் சேர்ந்த உறுப்பினர்கள்" என்று இரண்டு தனிப் பட்டியலாக வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஒரே ஆள் பல தொகுதி. தி.மு.க.வின் என். சுரேஷ்ராஜன் 1996, 2006 இரண்டிலும் கன்னியாகுமரியில் வென்றார். 2006-11 ஆட்சியில் சுற்றுலாத் துறை அமைச்சர். 2016-இல் வென்றது நாகர்கோவிலில். எஸ். ஆஸ்டின் இதற்கு எதிர்த்திசையில் வந்தவர்: 2001-இல் நாகர்கோவில், 2016-இல் தி.மு.க. சார்பில் கன்னியாகுமரி. தொகுதிவாரியாக மட்டும் அட்டவணை போட்டால் இவர்கள் இரண்டு இடத்தில் பாதி பாதியாகக் கிடப்பார்கள். தலைப்பெழுத்தையும் விடக்கூடாது, 2006-இல் நாகர்கோவிலில் வென்ற ஏ. ராஜன் வேறு, சுரேஷ்ராஜன் வேறு.

நான்காவது, கட்சிப் பெயர். எம். மோசஸ் 1991-இல் காங்கிரஸ், 1996-இல் த.மா.கா.; மக்களவையில் என். டென்னிசும் அப்படியே. இவர்களைக் "கட்சி மாறியவர்கள்" என்று எழுதுவது பொருத்தமில்லை. 1996-இல் மூப்பனார் தலைமையில் தமிழகக் காங்கிரசின் பெரும்பகுதி பிரிந்து த.மா.கா. ஆனது, 2002-இல் அது மீண்டும் காங்கிரசில் இணைந்தது. உறுப்பினர் நின்ற இடத்திலேயே நின்றார், கட்சியின் பெயர்ப்பலகை மாறியது. உண்மையான மாற்றம் எது என்பதை அடுத்து வரும் விளவங்கோட்டுக் கதையில் பார்க்கலாம்.

விளவங்கோட்டை நிதானமாக எழுதுங்கள், ஏனென்றால் ஒரே உறுப்பினரின் மூன்று வெற்றிகள், ஒரு விலகல், ஒரு இடைத்தேர்தல் என்று எல்லாமே அங்கே இருக்கின்றன. எஸ். விஜயதரணி காங்கிரஸ் சார்பில் 2011-இல் 62,898 வாக்குகள் பெற்றார்; இரண்டாம் இடம் 39,109 பெற்ற லீமா ரோஸ், வித்தியாசம் 23,789. 2016-இல் 68,789, இரண்டாம் இடம் பா.ஜ.க.வின் சி. தர்மராஜ் 35,646, வித்தியாசம் 33,143. 2021-இல் 87,473; இரண்டாம் இடம் பா.ஜ.க.வின் ஆர். ஜெயசீலன் 58,804, வித்தியாசம் 28,669. வாக்குகள் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கின்றன; வித்தியாசமோ ஏறி இறங்கியிருக்கிறது. 2011-இல் அ.தி.மு.க.வும் இடதுசாரிகளும் ஒரு அணி, பா.ஜ.க. தனி. 2016-இல் அ.தி.மு.க., இடதுசாரிகள், பா.ஜ.க. மூவரும் தனித்தனி, வித்தியாசம் உயர்ந்தது. 2021-இல் இடதுசாரிகள் காங்கிரசோடு வந்தார்கள், அ.தி.மு.க. பா.ஜ.க.வோடு போனது, இருபக்கமும் வாக்கு திரண்டது, வித்தியாசம் சற்றுக் குறைந்தது.

2024 பிப்ரவரி 24 அன்று விஜயதரணி பா.ஜ.க.வில் சேர்ந்தார், எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார். இங்கே இரண்டு சட்ட வழிகள் உண்டு, கலக்க வேண்டாம். ராஜினாமாவைப் பேரவைத் தலைவர் ஏற்றதும் இடம் காலியாவது ஒன்று. இது அரசியல் சாசனத்தின் 190-ஆவது பிரிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட கட்சியின் உறுப்பினர் தன்மையைத் தானாக விட்டுக்கொடுத்ததற்காகத் தகுதியிழப்பது இன்னொன்று. இது பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டம். விளவங்கோடு காலியானது ராஜினாமா ஏற்கப்பட்டதால். "தகுதிநீக்கம் செய்யப்பட்டார்" என்று எழுதினால் பிழை. காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு சொல்கிறது (பேரவையின் மீதிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை). மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 2024 ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு நடந்தது. காங்கிரசின் தாரகை கத்பர்ட் 91,054 வாக்குகள், பா.ஜ.க.வின் வி.எஸ். நந்தினி 50,880, வித்தியாசம் 40,174. அ.தி.மு.க. தனியாக நின்று டெபாசிட் இழந்தது. மூன்று முறை வென்ற உறுப்பினர் கட்சி மாறிய பிறகு, அவர் விட்டுவந்த கட்சி அதே தொகுதியில் அவரையும் தாண்டிய வித்தியாசத்தில் வென்றது. அந்த வாக்குகளில் எவ்வளவு ஆளுக்கு, எவ்வளவு கைச் சின்னத்துக்கு என்பதை இந்த நான்கு வரிசை எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிப்பவரே புரிந்துகொள்வார். அதோடு, அந்த இடைத்தேர்தலில் முக்கியக் கட்சிகள் நிறுத்திய வேட்பாளர்கள் எல்லாம் பெண்கள். 1957-இல் குளச்சலில் வென்று காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சி, மீன்வளத் துறைகளைப் பார்த்த லூர்தம்மாள் சைமனிலிருந்து தொடங்கும் ஒரு வரிசை இது. உங்கள் தொகுப்பில் அதற்கு ஒரு தனிப்பக்கம் தருவது அவசியம் என்றே சொல்வேன்.

நாகர்கோவிலில் பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்தியின் கதையும் எண்ணைப் படிக்கப் பழகுவதற்கு உதவும். பல தேர்தல்களில் தோற்று, 2021-இல்தான் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனார். 2016-இல் சுரேஷ்ராஜன் 67,369, காந்தி 46,413; அ.தி.மு.க. மூன்றாம் இடத்தில் 45,000-க்கும் சற்று அதிகம். 2021-இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே அணி: காந்தி 88,804, சுரேஷ்ராஜன் 77,135, வித்தியாசம் 11,669. இரண்டு கட்சிகளின் 2016 வாக்கைக் கூட்டினால் 91,000-ஐத் தாண்டும். கிடைத்தது அதைவிடக் குறைவு. தோற்ற சுரேஷ்ராஜனுக்கோ முந்தைய வெற்றியைவிட ஏறக்குறைய 10,000 வாக்கு கூடுதல். கூட்டணி வாக்கு அப்படியே இடம் மாறுவதில்லை, தோற்றவரின் வாக்கும் குறைந்திருக்க வேண்டியதில்லை. அதனால் "மக்கள் நிராகரித்தார்கள்" போன்ற சொற்களை எழுதும் முன் எண்ணைப் பாருங்கள்.

இனி ஆவணங்கள். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் 1951-52 தொடங்கி ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் கிடைக்கின்றன; முதல் சரிபார்ப்பு அங்கேதான். ஆங்கிலத்தில் பெயர்கள் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் வருவார், தமிழில் ஒரே வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பேரவைச் செயலகம் ஒவ்வொரு பேரவைக்கும் வெளியிடும் உறுப்பினர் விவரக் கையேட்டில் பிறந்த தேதி, கல்வி, முந்தைய பதவிகள் இருக்கும். அவை உறுப்பினரே கொடுத்த தகவல்கள் என்பதை மனத்தில் வையுங்கள்.

வாக்குச்சாவடி அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் படிவம் 20. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்தது அதில் இருக்கும். அதைக் கையாளும்போது மூன்று இடத்தில் வழுக்கும். தபால் வாக்குகள் கடைசியில் தனி வரியாக இருக்கும். அதை விட்டுக் கூட்டினால் மொத்தம் ஒத்துவராது. பல படிவங்களில் வேட்பாளர் பெயர் மட்டும் இருக்கும், கட்சி இருக்காது. அதற்கு வேட்பாளர் இறுதிப் பட்டியலான படிவம் 7-ஏ வேண்டும். சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், வாக்காளர் கூடினால் சாவடியைப் பிரிப்பார்கள், அதற்குப் பின்வரும் எண்கள் எல்லாம் நகரும். 2016-இன் 112-ஆம் சாவடியை 2021-இன் 112-ஆம் சாவடியோடு ஒப்பிடாதீர்கள். பள்ளியின் பெயரையும் சாவடிக்குட்பட்ட தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். கடற்கரை ஊர், ரப்பர் தோட்டப் பகுதி, நாஞ்சில் நாட்டு வயல்வெளி ஊர் என்று வாக்கு எப்படி மாறுகிறது என்பது இதில்தான் தெரியும்.

சதவீதம் போடும்போது எதை அடிப்படையாக வைத்தீர்கள் என்று எழுதுங்கள். நோட்டா 2013-இல் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத்தேர்தலில் முதலில் 2016-இல். சிலர் நோட்டாவைச் சேர்த்து வகுப்பார்கள், சிலர் சேர்க்காமல். டெபாசிட் கணக்குக்கு நோட்டா சேராது: செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் பணம் திரும்பும். சட்டமன்றத்துக்கு இப்போது டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. 1996 பொதுத்தேர்தல் வரை பொதுப்பிரிவுக்கு வெறும் 250 ரூபாய்தான். மொடக்குறிச்சியில் அந்த ஆண்டு 1,033 பேர் நின்றது அதனால்தான் முடிந்தது. எனவே பழைய தேர்தல்களில் வேட்பாளர் எண்ணிக்கையை வைத்துப் போட்டியின் கடுமையை அளக்க முடியாது.

சொத்து, வழக்கு விவரங்களுக்கு வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், படிவம் 26. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் 2003 வாக்கில் இது நடைமுறைக்கு வந்தது. 1996 உறுப்பினருக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். இரண்டு தேர்தல்களின் பத்திரத்தை ஒப்பிடும்போது, நிலத்துக்கு வாங்கிய விலை ஒரு கட்டத்திலும் இன்றைய மதிப்பு இன்னொரு கட்டத்திலும் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து அதையும் மற்றொன்றிலிருந்து இதையும் எடுத்துச் "சொத்து இத்தனை மடங்கு" என்று எழுதினால் அபாண்டம் ஆகிவிடும். வழக்குகளில் நிலுவை வேறு, தண்டனை வேறு. செலவு உச்சவரம்பும் மாறிவந்திருக்கிறது: தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிக்கு 2016-இல் 28 லட்சம், 2021-இல் 30.8 லட்சம், 2022 முதல் 40 லட்சம்.

பதவிக்காலத்தை ஐந்தைந்து ஆண்டாக எழுதிக்கொண்டே போகாதீர்கள். 1971 பேரவை 1976 ஜனவரியில் கலைந்தது. 1977 பேரவை 1980-லும், 1989 பேரவை இரண்டே ஆண்டில் 1991-லும் கலைந்தன. 1984 டிசம்பரில் வென்றவர்களின் பேரவை 1985-இல் கூடி 1988 ஜனவரியோடு முடிந்தது. அமைச்சர் பதவிக்கும் துறைவாரியாகத் தேதி வேண்டும்: பத்மநாபபுரத்தின் மனோ தங்கராஜ் 2021-இல் தகவல் தொழில்நுட்பம், 2023 மே முதல் பால்வளம், 2024 செப்டம்பரில் நீக்கம், 2025 ஏப்ரலில் மீண்டும் பால்வளம். "2021 முதல் அமைச்சர்" என்று ஒரே வரியில் எழுதினால் நடுவில் ஏழு மாதம் தொலைந்துபோகும்.

கடைசியாக, தொடக்கம் எங்கே என்பது. 1952 சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் குமரி உறுப்பினரைத் தேடினால் கிடைக்காது. அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. 1952, 1954 தேர்தல்களில் இந்த மக்கள் வாக்களித்தது அந்தச் சட்டமன்றத்துக்கு. தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்ததும் திருவனந்தபுரத்தில்தான். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டம், புதுக்கடையில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது இந்தப் பகுதியின் பிரதிநிதிகள் அந்த அவையைச் சேர்ந்தவர்கள். 1956 நவம்பர் 1 இணைப்பின்போது திருவிதாங்கூர்-கொச்சி குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது, சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. அதனால் சென்னைச் சட்டமன்றத்துக்குக் குமரி முதன்முதலாக வாக்களித்தது 1957-இல். அதற்கு முந்தைய உறுப்பினர்களின் பதிவுகளுக்குக் கேரளச் சட்டமன்ற ஆவணங்களைப் பார்க்க வேண்டும். தொகுதிப் பெயர்கள் அங்கே மலையாள உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் இருக்கும், தோவாளையும் கல்குளமும் வேறு எழுத்தில் கிடைக்கும்.